மணமாகவில்லை என்பதற்கு யார் சாட்சி?

கல்யாணம் ஆனவர் அதை நிரூபிக்க வழிகள் ஏராளம். பத்திரிகை, ஆல்பம், மண்டப ரசீது, பதிவுச் சான்றிதழ், பந்தியில் சாப்பிட்டுப் போன உறவுக்காரர்கள். கல்யாணம் ஆகாதவர் எதைக் காட்டுவார்? சொந்த ஊரில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழுவதே இல்லை, தெருவுக்கே தெரியும். வேறொரு நாட்டுப் பதிவாளரின் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான், தெருவுக்குத் தெரிந்ததைத் தாளில் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

ஹைதராபாத்தின் வடமேற்கே இருக்கும் குகட்பள்ளியை வைத்து இதைப் பார்க்கலாம். வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய கே.பி.எச்.பி. காலனி, ஜே.என்.டி.யூ. பல்கலைக்கழக வளாகம், அதைச் சுற்றி முளைத்த ஹாஸ்டல்கள், கோச்சிங் சென்டர்கள், கூப்பிடு தூரத்தில் ஹைடெக் சிட்டி. வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். தெலுங்குக் குடும்பங்களுக்கு நடுவே, வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பையன் டெக்சாஸில், பெண் மியூனிக்கில், அப்பாவும் அம்மாவும் மட்டும் ஃபிளாட்டில். ஒருநாள் மியூனிக்கிலிருந்து போன் வரும்: "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்பா. நம்ம தாசில்தார் ஆபீஸ்ல கிடைக்குமா?"

அப்பா அங்கிருந்துதான் தடுமாறத் தொடங்குகிறார். பிறப்பைப் பதிய ஓர் அலுவலகம் உண்டு, இறப்பைப் பதியவும் உண்டு, திருமணத்துக்குச் சார்பதிவாளர் இருக்கிறார். நடக்காத திருமணத்தைப் பதிந்து வைக்கும் அலுவலகம் எங்கும் இல்லை. தமிழ்நாட்டு வருவாய்த் துறை 'திருமணமாகாதவர் சான்றிதழ்' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறித் தாசில்தாரிடம் போய்ச் சேரும். வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதும் நாலு வரிதான் அதன் அஸ்திவாரம். தெலங்கானாவில் அப்படி விசாரித்து எழுத வேண்டிய கிராம வருவாய் அலுவலர் பதவியையே 2020 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். நிலப் பதிவேடுகளில் நடந்த ஊழலுக்கு அது மருந்து என்றார்கள். அது மருந்தோ இல்லையோ, 'இந்த வீட்டுப் பெண்ணை எனக்குத் தெரியும்' என்று சொல்லக்கூடிய கடைசி அரசு ஊழியரும் அத்துடன் போனார். ஐந்நூறு ஃபிளாட் உள்ள அடுக்ககத்தில் அவர் இருந்திருந்தாலும் யாரைத் தெரிந்து வைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

ஆகவே நடைமுறையில் எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் தொடங்குகிறது. முத்திரைத்தாளில் அப்பாவும் அம்மாவும் எழுதிக் கொடுக்கிறார்கள்: இன்ன தேதியில் பிறந்த எங்கள் மகளுக்கு இன்றுவரை இந்தியாவிலோ வெளியிலோ, எந்த முறைப்படியும் திருமணம் நடக்கவில்லை. நோட்டரி முத்திரை குத்துகிறார். பிறகு மாநிலத் தலைமைச் செயலகத்தில் உரிய துறை மேலொப்பம் இடுகிறது. அதற்கும் மேலே வெளியுறவு அமைச்சகம் 'அபோஸ்டில்' ஒட்டுகிறது. அதற்கு வழிவகுத்த 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து அது இங்கே நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 14 அன்று. முன்பு டெல்லிக்கு ஓட வேண்டியிருந்தது. 2019 முதல் இந்த வேலை ஹைதராபாத், சென்னை உட்படப் பல நகரங்களில் உள்ள அமைச்சகக் கிளைகளுக்கும் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இந்தச் சங்கிலியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நோட்டரி சொல்வது, இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதை மட்டும். மாநில அதிகாரி சொல்வது, அந்த நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் சரியானவை என்று. அமைச்சகம் சொல்வது, அந்த மாநில அதிகாரியின் கையெழுத்து சரியானது என்று. அபோஸ்டில் எதற்குச் சான்று என்பதை உடன்படிக்கையே வரையறுத்திருக்கிறது: கையெழுத்தின் உண்மை, கையெழுத்திட்டவரின் தகுதி, முத்திரையின் அடையாளம். தாளில் எழுதியிருக்கும் சங்கதி உண்மையா என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. மேலே மேலே முத்திரை ஏறினாலும் அடியில் இருப்பது ஓர் அப்பாவின் வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதை அரசின் வாக்காக வேடம் போட்டு அனுப்புவதுதான் சிக்கல்.

மியூனிக்கில் இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வழி, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம். உறுதிமொழி வாங்கவும் நோட்டரி வேலைகளைச் செய்யவும் தூதரக அதிகாரிகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. அங்கேயும் கேட்பது இதையேதான்: அவருடைய உறுதிமொழி, பல இடங்களில் கூடவே இந்தியாவிலிருந்து மேலொப்பமாகி வந்த பெற்றோரின் பிரமாணம், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயருக்கான இடம் காலியாக இருப்பது. தருகிற சான்றிதழும் பெரும்பாலும், விண்ணப்பதாரர் அளித்த பிரமாணத்தின் அடிப்படையில் என்ற முன்குறிப்போடுதான் வரும். தூதரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. புரட்டிப் பார்க்க அவர்களிடம் ஒரு பேரேடு இருந்தால்தானே?

பேரேடு ஏன் இல்லை என்பதுதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993 ஜூலையில் ஏற்றது. அதன் 16ஆம் பிரிவு, திருமணங்களை அதிகாரபூர்வப் பதிவேட்டில் பதிவதைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. இந்தியா அந்த இடத்தில் ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தது: கொள்கை அளவில் முழு ஆதரவு; ஆனால் பல்வேறு வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் கொண்ட இவ்வளவு பெரிய நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. எங்கள் குடிமக்களில் யார் மணமானவர், யார் ஆகாதவர் என்ற முழுக் கணக்கு எங்களிடம் கிடையாது என்று உலகத்தின் முன்னால் ஒப்புக்கொண்டது போலத்தான் அது. அந்தக் கணக்கைத்தான் இப்போது குகட்பள்ளி அப்பாவிடம் கேட்கிறார்கள்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2006 பிப்ரவரி 14 அன்று, சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில், எல்லா மதத்தவரின் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் அதற்கு முன்பே, 2002இல், கட்டாயப் பதிவுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. இன்றைய தெலங்கானாவுக்கு அது அந்த வழியில் வந்த சொத்து. தமிழ்நாட்டின் சட்டம் 2009இல் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே திருமணத்தையும் சேர்த்துவிடலாம் என்று 2012இல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. மக்களவை கலைந்ததோடு அது காலாவதியானது. 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 270ஆவது அறிக்கையில் அதே யோசனையைத் தூசி தட்டி எடுத்தது. தாமதமாகப் பதிவோருக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்றது. டீ விலைக்கும் கீழே உள்ள அபராதத்தைக் காட்டி ஒரு தேசியப் பேரேட்டை உருவாக்கிவிட முடியும் என்று ஆணையமே நம்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சட்டங்கள் வந்தும், பதியப்படாத திருமணம் செல்லாத திருமணம் ஆகிவிடவில்லை. இது முக்கியம். இந்து திருமணச் சட்டம், 1955, சடங்கில் திருமணத்தைப் பார்க்கிறது, தாளில் அல்ல. சப்தபதி வழக்கமாக உள்ள இடத்தில் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை பெறுகிறது. தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். ஆக, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பார்த்து 'பதிவு இல்லை' என்று ஒரு தாள் தந்தாலும், அதற்குத் 'திருமணம் இல்லை' என்று பொருள் கொள்ள முடியாது. கோவிலில் கட்டிய தாலி எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை.

மறுபக்கமும் அதே கதை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், விமானிப் பயிற்சி பெற்ற இருவர் சடங்கு எதுவும் செய்யாமல், ஓர் அமைப்பிடம் திருமணச் சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டு உத்தரப் பிரதேசத்தில் பதிவும் செய்துகொண்டார்கள். ஊரறியும் கல்யாணத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். இடையில் மனக்கசப்பு. அந்தத் திருமணம் நடக்கவே இல்லை, பதிவுச் சான்றிதழும் செல்லாது என்றது நீதிமன்றம். பதிவேட்டில் பெயர் இருந்தும் அவர்கள் மணமாகாதவர்கள்! பதிவு இல்லாததும் சாட்சியில்லை, இருப்பதும் முழுச் சாட்சியில்லை என்று ஆகிவிட்ட நாட்டில், வெளிநாட்டு எழுத்தர் ஒருவர் 'தேடுதல் சான்று கொண்டு வா' என்று கேட்கும்போது நாம் எதைத் தேடுவது?

இருதார வழக்குகளிலும் இதே சடங்குப் பிடிவாதம்தான். 1965இல் பாவுராவ் லோகாண்டே வழக்கில், இரண்டாவது திருமணமும் முறையான சடங்குகளோடு நடந்தது என்று நிரூபித்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சடங்கில் ஒன்று குறைந்தால் ஆள் தப்பித்தார். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு இருதாரத்துக்கு ஏழு ஆண்டு வரையும், முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் பத்து ஆண்டு வரையும் தண்டனை வைத்திருக்கிறது. நிரூபிக்கும் பாடு பழையபடியேதான்.

மணமுறிவு பெற்றவருக்கும் துணையை இழந்தவருக்கும் இந்த அலைச்சல் குறைவு. ஒருவர் கையில் நீதிமன்ற ஆணை இருக்கிறது, மற்றவர் கையில் இறப்புச் சான்றிதழ். அதன்பின் மறுமணம் செய்யவில்லை என்று மட்டும் காட்டினால் போதும். வாழ்க்கையில் எதுவுமே நடக்காதவர்தான் வெறுங்கையோடு நிற்கிறார்.

கேட்கும் நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தில் 1309ஆம் பிரிவு, அங்கே மணம் முடிக்க விரும்பும் வெளிநாட்டவர் தன் நாட்டுச் சட்டப்படி தனக்குத் தடையில்லை என்று தன் நாட்டு அதிகாரியிடமிருந்து சான்று கொண்டுவரச் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் சான்று காலாவதி. இந்தியா அந்த வகைச் சான்று தருவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் மாநில உயர் நீதிமன்றத் தலைவரிடம் விலக்குக் கேட்டு மனுப் போட வேண்டும். மனுவோடு பெற்றோரின் பிரமாணம் போகும். அபோஸ்டில் ஒட்டினால் முடிந்தது என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருந்ததால், இந்திய அபோஸ்டிலை அங்கே ஏற்பதில்லை. அதற்குப் பதிலாகத் தங்கள் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் ஒருவரை வைத்து நேரில் விசாரிக்கும் முறையை வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், நாம் ஒழித்துவிட்ட கிராம வருவாய் அலுவலரின் வேலையை ஜெர்மன்காரர் காசு கொடுத்துச் செய்ய வைக்கிறார்.

இந்த இழுபறி தாங்காமல், ஜெர்மனியில் வாழும் பல கலப்பு இணைகள் எல்லை தாண்டி டென்மார்க்குக்குப் போய் மணம் முடிப்பதும் நெடுநாள் வழக்கம். அங்கே 2019 முதல் ஒரே மைய அமைப்பு தாள்களைப் பார்த்து அனுமதி தருகிறது.

பிரான்சும் இத்தாலியும் தத்தம் பெயர்களில் இதே சான்றைக் கேட்கின்றன. ஜப்பானில் குடும்பப் பதிவேடே எல்லாம். ஒருவர் மணமானவரா என்பதை ஒரு தாள் சொல்லிவிடும், ஆகவே வெளிநாட்டவரிடமும் அதற்கு ஈடான தாளை எதிர்பார்க்கிறார்கள். பிலிப்பைன்ஸ் இன்னும் ஒரு படி மேல்: தன் குடிமக்களுக்குத் 'திருமணப் பதிவு இல்லை' என்ற சான்றைத் தேசியப் புள்ளியியல் அமைப்பே வழங்குகிறது. வெளிநாட்டவராக இருந்தால் அவரது தூதரகச் சான்று வேண்டும் என்று அந்நாட்டுக் குடும்பச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது.

ஆங்கிலச் சட்ட மரபு உள்ள நாடுகளில் கதையே வேறு. இங்கிலாந்தில் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு 28 நாள் காத்திருக்க வேண்டும். குடியேற்ற விசாரணை தேவைப்பட்டால் 70 நாள் வரை நீளும். ஊரறிய அறிவிப்பதே அங்கே சோதனை. அமெரிக்காவில் மாவட்ட எழுத்தரின் முன்னால் சத்தியம் செய்து உரிமம் வாங்குகிறார்கள். 1970இல் உருவான கே-1 என்னும் நிச்சயித்த துணைக்கான விசாவில் இருவரும் மணம் முடிக்கச் சட்டப்படி சுதந்திரமானவர்கள் என்று காட்ட வேண்டும். உள்ளே நுழைந்த 90 நாளில் கல்யாணம் நடந்துவிட வேண்டும். ஆனால் முன்பு மணமாகாதவரிடம் பெரும்பாலும் உறுதிமொழியையே நம்புகிறார்கள். காரணம் எளிது: அமெரிக்காவிலும் தேசியத் திருமணப் பதிவேடு கிடையாது. தன் குடிமக்களுக்கே அந்த அரசு 'இவர் மணமாகாதவர்' என்று எழுதித் தருவதில்லை. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனால், அவரவர் பிரமாணத்தில் நோட்டரி முத்திரை குத்தித் தருவார்கள், அவ்வளவே.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அதே அமெரிக்கர் ஹைதராபாத்துக்கு வந்து இங்குள்ள பெண்ணைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்க விரும்பினால், திருமண அலுவலர் அவரிடம் தூதரகத் தடையின்மைச் சான்று கேட்பது வழக்கம். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் தூதரகச் சான்று என்ற நிபந்தனையே இல்லை. அது கேட்பது, மாவட்டத்தில் ஒருவராவது 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டி 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும், பிறகு 'நான் தற்போது மணமாகாதவன்' என்ற உறுதிமொழியில் மூன்று சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்பவற்றைத்தான். பொய் சொன்னால் சிறையும் அபராதமும் உண்டு என்பது அந்த உறுதிமொழியிலேயே அச்சாகி இருக்கிறது. உள்நாட்டில் இரண்டு இந்தியர்கள் மணம் முடிக்கப் போதுமான இந்த ஏற்பாடு, வெளிநாட்டுக்காரர் வந்ததும் போதாமல் போகிறது. நம்மிடம் இல்லாத தாளை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் இல்லாத தாளை நாம் அவர்களிடம் கேட்கிறோம்.

ஆனால் ஹைதராபாத்தில் இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1991இல் இந்த நகரின் ஒரு சிறுமியை, தாத்தா வயதுள்ள சவுதிக்காரர் ஒருவர் மணந்து விமானத்தில் அழைத்துப் போனபோது, அழுதுகொண்டிருந்த குழந்தையை விமானப் பணிப்பெண் கவனித்ததால் விஷயம் நாடு முழுவதும் தெரிந்தது. 2017 செப்டம்பரில் ஓமான், கத்தார் நாட்டவரையும் நிக்காஹ் நடத்திவைத்த காஜிகளையும் நகரக் காவல்துறை கைது செய்தது. ஊரில் மனைவியும் மக்களும் உள்ளவர் பழைய நகரத்தில் சில நாள் மாப்பிள்ளை ஆகிவிட்டுத் திரும்பிப் போகும் வியாபாரம் அது. குகட்பள்ளி பக்கத்து நடுத்தரக் குடும்பங்களின் துயரம் வேறு வகை: பெரிய வரதட்சணையோடு அமெரிக்க மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தபின், அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருப்பது தெரியவரும். இவர்களுக்கெல்லாம் மணநிலைச் சான்று காகிதச் சம்பிரதாயம் அல்ல. முன்பே இருந்திருந்தால் ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கும். அப்படியிருந்தும் ஒன்றைக் கவனிக்கலாம். இந்த மோசடிகளில் மாப்பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் உடந்தை. அவர்கள் கையெழுத்திட்ட பிரமாணம் எதைத் தடுத்திருக்கும்?

பெற்றோர் பிரமாணத்தை மையமாக வைத்த இந்த ஏற்பாட்டின் மோசமான பக்கம் இன்னொன்று. முப்பது வயதுப் பெண், தன் காலில் நிற்பவர், வேற்றுச் சாதியிலோ வேற்று மதத்திலோ வேற்று நாட்டிலோ ஒருவரை மணக்க முடிவு செய்கிறார். சட்டம் அவரைப் பெரியவராக ஏற்று வருடங்கள் ஆகின்றன. ஆனால் அவர் மணமாகாதவர் என்பதற்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போட மாட்டார். சம்மதம் தேவையில்லை என்று சட்டம் சொல்லும் இடத்தில், சாட்சியம் என்ற பெயரில் சம்மதத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறது நடைமுறை. 2016இல் உடுமலைப்பேட்டையிலும் 2018இல் மிரியாலகூடாவிலும் நடந்த சாதி ஆணவக் கொலைகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு, மகளின் திருமணத் திட்டத்தை அப்பாவுக்குத் தெரியப்படுத்தும் ஒரு அரசாங்கத் தாள் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் இல்லாதவர்கள், பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள் அண்ணனையோ சித்தப்பாவையோ தேடிப் போகிறார்கள். பத்து வருடம் டெக்சாஸில் தனியாக வாழ்ந்தவர் அங்கே என்ன செய்தார் என்று குகட்பள்ளியில் இருக்கும் சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

மணமாகாத நிலையைத் தாளில் கேட்பது திருமணத்துக்காக மட்டுமல்ல. அக்னிவீர் தேர்வுக்குப் போகும் பையன், மணமாகாதவன் என்று ஊராட்சித் தலைவரிடமோ நகராட்சியிடமோ ஆறு மாதத்துக்குள் வாங்கிய சான்றோடு போக வேண்டும். மத்திய அரசு ஊழியரின் மணமாகாத மகளுக்கு 25 வயதுக்கு மேலும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்றானதிலிருந்து, வங்கிக்கு மணமாகவில்லை என்று அவ்வப்போது எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெலங்கானாவில் 2014இல் தொடங்கிய கல்யாண லட்சுமி உதவித்தொகை இன்று 1,00,116 ரூபாய். அந்த மனுவிலும் தாசில்தார் அலுவலகம் மணப்பெண்ணைப் பற்றி விசாரிக்கிறது. உள்ளூரில் இவையெல்லாம் ஒருவர் கையெழுத்தில் முடிகின்றன. கடல் தாண்டும்போதுதான் அதே கையெழுத்துக்கு மூன்று முத்திரை தேவைப்படுகிறது.

குகட்பள்ளிக்கே உரிய தொல்லை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1995இல் இங்கே பிறந்தவரின் சான்றிதழில் குகட்பள்ளி நகராட்சி, ரங்காரெட்டி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம் என்றிருக்கும். 2007இல் நகராட்சி பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியில் கரைந்தது. 2014இல் மாநிலம் தெலங்கானா ஆனது. 2016 அக்டோபரில் மாவட்டமும் மாறி மேட்சல்–மல்காஜ்கிரி ஆனது. வீடு நகரவில்லை, தெருவும் அதேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாநிலம், பெற்றோர் பிரமாணத்தில் வேறு மாநிலம் என்று பார்க்கும் வெளிநாட்டு எழுத்தர், இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள் என்றே எண்ணுவார். பிரமாணத்திலேயே இந்த மாற்றங்களை ஒரு பத்தியில் ஆண்டுகளோடு எழுதிவிடுவது நல்லது.

பெயர் அதைவிடப் பெரிய வினை. தெலுங்கர்களுக்கு வீட்டுப்பெயர் முன்னால் வரும். பள்ளிச் சான்றிதழில் அது ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும், பாஸ்போர்ட்டில் விரிந்து பின்னால் போயிருக்கும். தமிழர்களுக்கோ குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஏதாவது நிரப்ப வேண்டுமே என்று அப்பா பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கியிருப்போம். விளைவு, மகள் மணமாகாதவர் என்று பிரமாணம் செய்யும் தாயின் பெயரும், மகளின் பாஸ்போர்ட்டில் உள்ள தாயின் பெயரும் பொருந்தாது. சான்றிதழ் திரும்பி வருவதற்கு மணநிலையைவிட இந்த முதலெழுத்துகள்தாம் அதிகம் காரணமாகின்றன என்பது இந்தத் தாள்களோடு மல்லுக்கட்டியவர்களின் பொது அனுபவம்.

வேறொரு வழியும் உண்டு: இரண்டு பேருமே இந்தியர்களாக இருந்தாலோ, ஒருவர் இந்தியராக இருந்தாலோ, தூதரகத்திலேயே மணம் முடிக்க 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. அறிவிப்பை அந்நாட்டிலும் இந்தியாவிலும் வெளியிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்நாட்டுச் சட்டம் தடுத்தால் நடக்காது. பல நாடுகள் தம் குடிமகன் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தால் அதை ஏற்பதில்லை. நல்ல வழி, குறுகலான வழி.

என் பார்வையில் இதற்குத் தீர்வு இன்னொரு முத்திரை அல்ல. சிறப்புத் திருமணச் சட்டம் 1954லேயே ஒரு நாணயமான ஏற்பாட்டை வகுத்திருக்கிறது: சம்பந்தப்பட்டவரே சொல்லட்டும், ஊரறியச் சொல்லட்டும், பொய்யென்றால் சிறைக்குப் போகட்டும். அதையே தூதரகங்களும் ஒரே படிவத்தில் செய்யலாம். பெற்றோர் பிரமாணத்தைக் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்று மாற்றலாம். ஊரறியச் சொல்வதிலும் கவனம் வேண்டும். வீட்டு முகவரியோடு ஒட்டப்படும் அறிவிப்பு கூலிப்படைக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவதை இணைகளின் விருப்பத்துக்கு விட்டதன் நியாயம் அதுதான். சான்றிதழில் 'இந்திய அரசு உறுதி செய்கிறது' என்ற தோரணை வேண்டாம். 'இவர் இவ்வாறு சட்டப்படி உறுதிமொழி அளித்தார்; பொய்யானால் இந்தியச் சட்டப்படி தண்டனைக்குரியவர்; இந்தியாவில் மையப் பதிவேடு இல்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். அமெரிக்கத் தூதரகம் தன் குடிமக்களுக்குச் செய்வது கிட்டத்தட்ட அதுதான். உலகம் அதோடு ஒத்துப்போகப் பழகிவிட்டது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 287ஆவது அறிக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களைப் பற்றியது. இந்தியக் குடிமக்களோடு நடக்கும் அத்தகைய திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டில் மணநிலையை அறிவிக்க வேண்டும், கணவன் மனைவி பாஸ்போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், பதிவு எண்ணையும் குறிக்க வேண்டும் என்கிறது. கைவிடப்பட்ட மனைவிகளுக்கு இது உதவும், அதற்காகவே எழுதப்பட்டது. மணமாகாதவருக்கு அதில் கிடைக்கப்போவது ஒரு காலிக் கட்டம். பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும். 22 வயதில் படிக்கப் போகும்போது காலியாக இருந்த கட்டம் 31 வயதிலும் காலியாக இருந்தால், அவர் மணமாகாதவர் என்றும் கொள்ளலாம், புதுப்பிக்காமல் விட்டவர் என்றும் கொள்ளலாம். ஜெர்மன் பதிவாளர் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொள்வார். மியூனிக்கிலிருந்து மறுபடியும் அப்பாவுக்குத்தான் போன் வரும்.